மையர் என்ற பெயரைத் தேடிப் போன ஒன்பது மாதம்

என் மாமனாருக்கு 75 வயது நிறையப் போகிறது, என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்ற யோசனையில்தான் இந்த வம்பு ஆரம்பித்தது. எதைக் கொடுத்தாலும் "இதை எங்கே வைப்பது?" என்று கேட்கிற மனிதர் அவர். சட்டை வேண்டாம், கடிகாரம் வேண்டாம், ஒயின் தொடுவதில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவருடைய குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம், எத்தனை தலைமுறை பின்னால் போக முடியும் என்று தேடி, சின்னதாக ஒரு புத்தகம் போட்டுக் கொடுத்தால் என்ன? பெயர் மையர். ஜெர்மனியில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மையர் தலையில்தான் விழும். இவ்வளவு சாதாரணப் பெயர்தானே, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பது மாதம் ஆனது. கையை விட்டுப் போனது ஏறக்குறைய 500 யூரோ, அதில் பாதிக்கு மேல் சுத்த வீண். ரகசியப் பரிசு என்பதால் அந்த வீட்டில் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தனியாக மல்லுக்கட்டினேன். என்னைப் போல ஜெர்மன் குடும்பத்துக்குள் வாழ்க்கைப்பட்டு வந்த தமிழர்கள் இப்போது நிறைய இருக்கிறோம். பிள்ளைகளும் பள்ளியிலிருந்து "குடும்ப மரம் வரையணுமாம்" என்று வந்து நிற்கிறார்கள். நான் பட்டதில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் என்பதே கொஞ்சம் அந்நியமான விஷயம். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறமும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் ஹனோவரில் எங்கள் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் என் அப்பா பெயர் ஒட்டியிருக்கிறது, தபால்காரர் அதற்கு முன்னால் ஒரு 'திருமதி' சேர்த்து என்னைக் கூப்பிடுகிறார். திருநெல்வேலியில் இருக்கிற அப்பாவுக்கு இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்புத் தாங்காது. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஒரே பெயர் பல நூறு வருஷமாக இறங்கி வருகிறது என்பது பெரிய பிரமிப்பாக இருந்தது. அந்தப் பிரமிப்புதான் முதலில் என் பர்ஸில் கைவைத்தது.

பெயர்க் காரணத்தைத் தேடிய முதல் நாளே ஒரு தளம் எதிரில் வந்து நின்றது. மையர் குடும்பத்தின் தொன்மையான சின்னமாம். சிவப்புக் கேடயம், அதில் பொன்னிறச் சிங்கம், மேலே இறகு வைத்த தலைக்கவசம். கூடவே பழுப்பேறிய தோல் மாதிரி ஒரு தாளில் பெயரின் வரலாறு. கண்ணாடிச் சட்டத்தோடு 149 யூரோ. மாமனாரின் முழுப் பெயரையும் அடியில் அச்சிட்டுத் தருவார்கள் என்றதும் மனசு குளிர்ந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன். வந்து சேர்ந்ததைப் பார்த்தால், வரலாறு என்ற பெயரில் எட்டு வரி. மையர்கள் வீரமும் விசுவாசமும் மிக்கவர்கள் என்று அதில் நாலு வரி. அந்த வாசகத்தில் மையரை எடுத்துவிட்டு எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அலுவலகத்தில் ஒரு சக ஊழியரிடம் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "எந்த மையருடைய சின்னம் இது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. குலச்சின்னம் ஒரு பெயருக்குச் சொந்தமில்லை. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழியில் வந்தவர்களுக்கும்தான் சொந்தம். ஒரே மையர் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ சின்னங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மையர்களுக்குச் சின்னமே கிடையாது, அவர்கள் விவசாயிகள். ஜெர்மனியில் அரசாங்கம் யாருக்கும் சின்னம் வழங்குவதில்லை. 1869-இல் பெர்லினில் தொடங்கிய ஹெரால்ட் போன்ற சங்கங்கள் பதிவேடு வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். சரி, பொருளைத் திருப்பி அனுப்பிவிடலாம், இணையத்தில் வாங்கியதற்குப் பதினான்கு நாள் அவகாசம் உண்டே என்று எழுதினேன். தனி ஆளுக்கென்று செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது என்று பதில் வந்தது. சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. மாமனார் பெயரை அடியில் அச்சிடச் சொன்னேனே, அதுதான் தூண்டில் முள். இப்படி ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பெயர் பொறிக்காமல் வாங்குங்கள். வாங்காமல் இருப்பது இன்னும் உத்தமம்.

பெயரின் அர்த்தம் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியமே அல்ல. மைன்ஸ் நகரத்து அறிவியல் கழகம் 2012-லிருந்து ஜெர்மனியின் குடும்பப் பெயர்களுக்கு ஒரு மின் அகராதி தயாரித்து வருகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், எந்தப் பெயர் எந்தப் பகுதியில் அதிகம் என்று வரைபடமும் இருக்கிறது. நான் அதை நான்காவது மாதத்தில்தான் கண்டுபிடித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மையர் என்பது லத்தீனில் 'மாயோர்', அதாவது பெரியவர், மேலானவர் என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர் மாநகராட்சி மேயரும் இதே வேரிலிருந்து முளைத்தவர்தான். இடைக்காலத்தில் நிலமெல்லாம் மடங்களிடமும் பிரபுக்களிடமும் இருந்தது. அவர்கள் ஊர் ஊராகப் போய்த் தானியம் அளந்து வாங்க முடியுமா? அதற்காக ஒவ்வொரு ஊரிலும் ஒரு தலைமைப் பண்ணை, அதை நடத்த ஒரு ஆள். சுற்றியிருக்கிற குடியானவர்களிடம் விளைச்சலில் பங்கு வசூலித்து எஜமானுக்கு அனுப்புவது அவர் வேலை. அவர்தான் மையர். நம் பக்கத்து மணியக்காரர், மடத்து நிலங்களைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர் ஆகியோரை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். போகப்போக வடக்கே பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவரையும் மையர் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். மேல் பண்ணைக்காரர் ஓபர்மையர், கீழ் பண்ணைக்காரர் நீடர்மையர், மடத்துப் பண்ணைக்காரர் க்ளோஸ்டர்மையர் என்று கிளைகளும் உண்டு.

இதிலிருந்தே ஒரு முக்கியமான விஷயம் புரிந்திருக்கும். ஊருக்கு ஒரு மையர் என்றால் எல்லா மையர்களுக்கும் பொதுவான மூதாதை கிடையாது. ம்யூலர் என்றால் மாவு ஆலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர், ஷ்னைடர் என்றால் தையல்காரர், ஃபிஷர் மீனவர், வேபர் நெசவாளர். ஜெர்மனியில் அதிகம் புழங்கும் பெயர்களில் முதல் வரிசை இவைதான், ம்யூலர்தான் முதலிடம். ஆலையும் கொல்லுப்பட்டறையும் இல்லாத ஊர் ஏது? அதனால்தான் இந்தப் பெயர்கள் இவ்வளவு பெருகின. "உங்கள் பெயர் இவ்வளவு பேருக்கு இருக்கிறது, ஆகவே பெரிய பரம்பரை" என்று எந்தத் தளமாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பெயர் எவ்வளவு பிரபலமோ அவ்வளவுக்கு அது உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்வது குறைவு.

மையர் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு மாமனார் வாயிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நடக்காத காரியத்தைச் சொல்லும்போது நாம் "அது மட்டும் நடந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்போம் இல்லையா, ஜெர்மன்காரர்கள் "அது நடந்தால் என் பெயர் மையர்" என்பார்கள். மாமனார் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விநாடி நிறுத்தி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே முதலில் சிரிப்பார். பதினோரு வருஷமாக அதே நகைச்சுவை.

எழுத்துக்கு வருகிறேன், நான் அதிக நேரம் தொலைத்த இடங்களில் ஒன்று. காதில் விழுகிற 'மையர்' ஒன்றுதான். எழுதும்போது முதல் எழுத்துக்கு அடுத்து ஈ-ஒய் வரலாம், ஈ-ஐ வரலாம், ஏ-ஐ வரலாம், ஏ-ஒய் வரலாம். ஆஸ்திரியா, டிரோல் பக்கம் போனால் இரண்டாவது உயிரெழுத்தே காணாமல் போய் 'மாய்ர்' ஆகிவிடும். பொதுவாக ஈ-ஒய் வடக்கே, குறிப்பாக கீழ் சாக்ஸனியில் அதிகம். ஏ-ஐ, ஏ-ஒய் இரண்டும் தெற்கே. தனிம வரிசை அட்டவணையில் மெண்டலீவோடு சேர்த்துச் சொல்லப்படும் லோதர் மையர் 1830-இல் வடக்கே ஃபாரல் ஊரில் பிறந்தவர், அவர் ஈ-ஒய். ஆற்றல் அழியாது என்று சொன்ன ராபர்ட் மையர் 1814-இல் தெற்கே ஹைல்ப்ரானில் பிறந்தவர், அவர் ஏ-ஒய். இதைப் பார்த்ததும் "ஆகா, எழுத்தை வைத்தே ஊரைக் கண்டுபிடிக்கலாம்" என்று துள்ளினேன். எங்கள் குடும்பம் ஈ-ஒய் என்பதால் மற்ற எழுத்துகளைத் தேடவே இல்லை. அது பெரிய தப்பு. பழைய காலத்தில் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பதிவில் மூன்று விதமாக எழுத்து இருக்கும். அரசுப் பதிவு அலுவலகம் பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், ஜெர்மன் பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1-லும் வந்த பிறகுதான் எழுத்து உறைந்து நின்றது. வரைபடம் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை வரைபடத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் பெர்லினும் ஹாம்பர்கும் சிவந்து நிற்கும், அங்கே மனிதர்கள் அதிகம் என்பதால். மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்ட வரைபடத்தைத் திறந்தால்தான் பெயரின் சொந்த ஊர் தெரியும். நான் முதலில் ஒரு வாரம் ஹாம்பர்கில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த செலவு ஒரு வம்சாவளித் தளத்தின் சந்தா. முதல் இரண்டு வாரம் இலவசம் என்று அட்டை எண்ணைக் கொடுத்தேன், மறந்தேன், 119 யூரோ போயிற்று. இதற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், நாட்காட்டியில் குறித்து வைக்காதது என் தப்பு. ஆனால் அதற்குள் இருந்தவைதான் தலைவலி. யாரோ வரைந்த மரங்கள், அதை இன்னொருவர் பார்த்து எழுதிய மரங்கள், அவரைப் பார்த்து நாற்பது பேர். ஒன்றில் எங்கள் மையர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு வீரன் ஒருவனுக்குப் பிறந்திருந்தார்கள். இன்னொன்றில் அம்மாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது மகன் பிறந்திருந்தான். மூன்றாவதில் எங்கள் கொள்ளுத்தாத்தா ஃப்ராங்ஃபர்ட்டின் யூதக் குடும்பம் ஒன்றோடு கோக்கப்பட்டிருந்தார்.

அந்த மூன்றாவதுதான் எனக்குத் தெரியாத ஒரு கதவைத் திறந்தது. மையருக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. ஹீப்ருவில் மெயிர் என்றால் ஒளி தருபவன், அது ஒரு பழைய இயற்பெயர். ஆஸ்திரிய ஆட்சிப் பகுதிகளில் 1787-லும் பிரஷ்யாவில் 1812-லும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று ஆணை வந்தபோது, அப்பா பேரோ தாத்தா பேரோ மெயிர் என்று இருந்தவர்கள் பலர் அதையே ஜெர்மன் எழுத்தில் மையர் என்று பதிந்துகொண்டார்கள். இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மெயிர், கணவர் வழியில் மையர்சனாக இருந்து, பிறகு அதை ஹீப்ரு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டவர். ஆக, மணியக்காரரின் மையரும் ஒளி தருகிற மையரும் எழுத்தில் ஒன்றுதான், வேரில் ஒட்டோ உறவோ இல்லை. பெயரை மட்டும் பார்த்து எந்த மையர் எது என்று சொல்ல முடியாது. இது எவ்வளவு பெரிய விஷயமாக ஒரு காலத்தில் இருந்தது என்பது கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, மரங்களை நம்பிப் பயனில்லை, ஆவணத்துக்கே போவோம் என்று மாமனாரின் அப்பா பிறந்த ஊரின் பதிவு அலுவலகத்துக்கு எழுதினேன். கிழக்கு வெஸ்ட்ஃபாலியாவில் ஹெர்ஃபோர்ட் பக்கத்துக் கிராமம் அது. ஆறு வாரம் கழித்து வந்த பதில் ஒரே பத்தி: மருமகளுக்குத் தர முடியாது. அவர் 1916-இல் பிறந்தவர். பிறப்புப் பதிவு 110 வருஷம், திருமணப் பதிவு 80, இறப்புப் பதிவு 30 வருஷம் வரை பூட்டியே இருக்கும். அதற்குள் கேட்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவரின் கணவன், மனைவி, நேர் முன்னோர், நேர் வாரிசு ஆகியோருக்குத்தான் எளிதில் கிடைக்கும். நான் வாரிசின் மனைவி, எனக்கு உரிமை இல்லை. பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்து எடுத்துப் போகிறவள், பட்டியலில் இல்லை! அன்று ராத்திரி அழுதேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் அழுதேன். மறுநாள் கணவரிடம் ரகசியத்தை உடைத்து, ஒரு அதிகாரக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். மூன்று வாரத்தில் நகல் வந்துவிட்டது, கட்டணம் பதினைந்து யூரோ போல. மருமகளோ மருமகனோ கேட்பதாக இருந்தால் முதல் கடிதத்திலேயே துணையின் கையெழுத்திட்ட கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் வைத்துவிடுங்கள். கால எல்லை தாண்டிய பதிவுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் முதலில் வருஷத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.

1874-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. குடும்பம் கத்தோலிக்கமா புராட்டஸ்டண்டா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தேடும் இடமே வேறு. கத்தோலிக்கப் பதிவேடுகள் நிறைய மாட்ரிகுலா தளத்தில் இலவசமாக இருக்கின்றன. புராட்டஸ்டண்ட் பதிவேடுகளுக்கு ஆர்கியோன், அது சந்தா. எங்களுடையது புராட்டஸ்டண்ட், மாதம் ஏறத்தாழ இருபது யூரோவாக மூன்று மாதம் கட்டினேன். இந்தச் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கத் தெரியாமல் பணம் கட்டினேன் பாருங்கள், அதுதான் வீண். பக்கத்தைத் திறந்தால் ஜெர்மன் மொழி மாதிரியே இல்லை. குர்ரெண்ட் என்கிற பழைய கையெழுத்து. அதில் சின்ன 'ஈ' நம் கண்ணுக்கு 'என்' போல இருக்கும், 'யு' தலையில் ஒரு வளைவோடு நிற்கும், 'எச்' மேலும் கீழும் சுழித்துக்கொண்டு ஓடும். மையர் என்ற பெயரே எனக்கு மூன்று நாள் கண்ணில் படவில்லை, இரண்டு 'ஈ'யையும் 'என்' என்று படித்துக்கொண்டு ஏதோ போலந்துப் பெயர் என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எழுத்துகளைத் தாளில் எழுதி எழுதிப் பழகினால் பத்து நாளில் கண் திறந்துவிடும், நம் தாத்தாக்களின் பழைய கிரயப் பத்திரம் படிக்கிற மாதிரிதான். அந்தப் பத்து நாளைச் சந்தா கட்டுவதற்கு முன்னால் செலவழித்திருக்க வேண்டும். பழங்கையெழுத்தைப் படிக்கும் டிரான்ஸ்கிரிபுஸ் போன்ற மென்பொருள்களும் உண்டு, வாக்கியத்துக்குப் பரவாயில்லை, பெயரில்தான் காலை வாரும்.

இன்னொரு குழி, மாதம். '7பெர்' என்று எழுதியிருந்தால் என்ன மாதம்? ஏழு, ஆகவே ஜூலை என்று எழுதிக்கொண்டேன். இல்லை, அது செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு, அதைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். 8பெர் அக்டோபர், 9பெர் நவம்பர், ரோமன் பத்து போட்டால் டிசம்பர். இதனால் என் அட்டவணையில் கல்யாணமாகி ஏழாம் மாதம் குழந்தை பெற்ற ஒரு பெண் ஐந்தாம் மாதமே பெற்றுவிட்டாள். பாவம், இருநூறு வருஷம் கழித்து அவள் மீது அபாண்டம்.

இப்படியே படியேறி 1820-இல் பிறந்த ஒருவர் வரை வந்துவிட்டேன். அவர் அப்பா பெயர் பதிவில் இருந்தது: கோலோன் மையர், எண் 3, இயற்பெயர் யோஹான் ஹைன்ரிஹ். கோலோன் என்றால் பண்ணை வைத்திருக்கிற குடியானவர். எண் 3 என்பது பண்ணையின் எண், பெரும்பாலும் பழைய பெரிய பண்ணைகளுக்குத்தான் சின்ன எண்கள் இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை, மாமனார் பெரிய பண்ணை வாரிசு! அதே எண் 3-இல் 1788-இல் பிறந்த யோஹான் ஹைன்ரிஹ் மையரும் கிடைத்தார். வயது பொருந்துகிறது, பண்ணை பொருந்துகிறது, பெயர் பொருந்துகிறது. அங்கிருந்து மேலே மேலே ஏறி 1690 வரை போய்விட்டேன். இரண்டு மாத உழைப்பு. இடையில் ஒரு பக்கம் மட்டும் படிக்க முடியாமல், பழங்கையெழுத்து வாசிக்கிற ஒருவருக்கு எண்பது யூரோ கொடுத்து எல்லாவற்றையும் சரிபார்க்க அனுப்பினேன். நேர்மையான மனிதர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பையனின் அடக்கப் பதிவைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. பார்த்தால், 1792-இல், நாலு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டது அந்தக் குழந்தை. நான் அதற்குக் கல்யாணம் பண்ணி ஆறு பிள்ளைகளையும் பெற வைத்திருந்தேன். ஞானஸ்நானப் பதிவிலிருந்து இன்னொரு ஞானஸ்நானப் பதிவுக்குத் தாவாதீர்கள். நடுவில் கல்யாணப் பதிவு வேண்டும், ஆள் உயிரோடிருந்தார் என்பதற்கு இறப்புப் பதிவேட்டையும் புரட்டியாக வேண்டும். அந்தப் பகுதியில் பாதிப் பேர் யோஹான்கள், அதில் பாதி ஹைன்ரிஹ்கள்.

பிறந்தநாளுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. நான் சோர்ந்துபோய் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டேன். கணவர்தான், "அத்தையைக் கேட்டுப் பார்ப்போமே" என்றார். மாமனாரின் அக்கா, 81 வயது, தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் போனோம். பிளம்ஸ் கேக் வெட்டி வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கேக் கத்தியைத் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் படுக்கையறைக்குள் போய் ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே பித்தான்கள், சில போட்டோக்கள், அடியில் ஒரு மெல்லிய புத்தகம். அட்டையில் கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திகா.

ஆனன்பாஸ், முன்னோர் கடவுச்சீட்டு. 1933 ஏப்ரலில் நாஜி அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு அரசு வேலையில் இருப்பவர்கள் யூத முன்னோர் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் பாதிரியார்களிடமும் பதிவு அலுவலகங்களிலும் அலைந்து, பெற்றோர், பாட்டன், பூட்டன் என்று முத்திரை வாங்கி நிரப்பின. அத்தை சொன்னார்: "அப்பா ரயில்வேயில் சேரும்போது கேட்டார்கள். நம் பெயர் மையர் ஆயிற்றே, அதனால் இன்னும் அதிகமாகவே கேட்டார்கள்." கொஞ்சம் நிறுத்தி, "அதே தெருவில் இன்னொரு மையர் வீடு இருந்ததாம், அம்மா சொல்வாள். அவர்கள் திரும்பி வரவில்லை" என்றார். யாரும் இதைப் பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் பித்தான் டப்பாவுக்குள் வைத்திருந்தாராம். எரித்துவிடவும் மனசு வரவில்லை. எனக்கு அதைத் தொடவே கை கூசியது. நான் ஒன்பது மாதம் விளையாட்டாகத் தேடிக்கொண்டிருந்ததை அந்த மனிதர் பயத்தோடு தேடியிருக்கிறார். எந்த மையர் எது என்ற கேள்வியில் ஒரு தெருவில் ஒரு வீடு தப்பித்தது, ஒரு வீடு தப்பவில்லை. இந்தப் புத்தகம் பல ஜெர்மன் வீடுகளில் இருக்கிறது. தேடலைத் தொடங்கும் முன்பே வயதானவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், ஆனால் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்.

அதில் ஐந்தாவது தலைமுறை வரிசையில், பாதிரியார் முத்திரைக்கு மேலே, என் யோஹான் ஹைன்ரிஹ் இருந்தார். 'பிரிங்க்மன், கெனான்ட் மையர்'. மையர் என்று அழைக்கப்படும் பிரிங்க்மன். அந்த ஒரு சொல்லில் எல்லாம் விழுந்து உடைந்தது. வெஸ்ட்ஃபாலியாவில் பெயர் ஆளோடு போகவில்லை, பண்ணையோடு போனது. பண்ணைக்குள் கல்யாணம் செய்து வருகிற ஆண், வீட்டோட மாப்பிள்ளை, தன் பெயரை வாசலில் விட்டுவிட்டுப் பண்ணைப் பெயரைச் சூடிக்கொள்வார். பிரஷ்ய அரசு 1822-இல் அனுமதியில்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று ஆணையிட்ட பிறகு, இரண்டையும் 'கெனான்ட்' போட்டுச் சேர்த்து எழுதுகிற வழக்கம் அங்கே நிறையத் தென்படுகிறது. இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பதிவேட்டுக்கு ஓடினேன், இந்த முறை பதினைந்து நிமிஷத்தில் கிடைத்தது. 1817. மையர் பண்ணையின் சொந்தக்காரர் முந்தின வருஷம் இறந்திருக்கிறார். கைக்குழந்தையோடு விதவை. அவளை மணந்தவர்தான் பிரிங்க்மன். வாரிசுப் பையன் வளர்ந்து ஆளாகும் வரை பண்ணையைப் பார்த்துக்கொள்ள வந்த இடைக்கால எஜமான், அதற்கென்றே ஜெர்மனில் தனிச்சொல் இருக்கிறது. பையன் பெரியவனானதும் பண்ணை அவனுக்குப் போய்விட்டது. இவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. மாமனார் அந்த வழி. ஆக, மையர் ரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. பிரிங்க்மன் என்றால் ஊர் ஓரத்துப் புல்மேட்டில் குடியிருப்பவர், கையளவு நிலம் வைத்திருப்பவர். பெரிய பண்ணையாரைத் தேடிப் போய் மேட்டு வீட்டுக்காரரைக் கண்டுபிடித்தேன்.

புத்தகம் இருபத்தெட்டுப் பக்கத்தில் வந்தது. ஆனன்பாஸை அதில் சேர்க்கலாமா என்று அத்தையிடம் தனியாகக் கேட்டேன். அட்டையின் படம் வேண்டாம், ஆனால் ஏன் எழுதப்பட்டது என்பது இருக்கட்டும், அந்த இன்னொரு வீட்டைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும் என்றார். அப்படியே செய்தேன்.

ஜூன் மாதம் பிறந்தநாளன்று மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அந்த ஒரு வரி வந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். பிறகு பிரிங்க்மன் பக்கத்தைத் திரும்ப எடுத்து, மூக்கோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மட்டும் உண்மையாக இருந்தால் என் பெயர் மையர்" என்றார். இந்தத் தடவை அவர் நிறுத்துவதற்குள் நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சிங்கம் போட்ட சட்டத்தையும் கடைசியில் கொடுத்துவிட்டேன், 149 யூரோ ஆயிற்றே. கார் கொட்டகையில், குளிர்கால டயர்களுக்கு மேலே மாட்டியிருக்கிறார். யாராவது கேட்டால், வாடகைக்கு இருந்த சிங்கம் என்கிறார்.